மே மாதம் கேமராவோடு ராமேஸ்வரம்: பெருந்துறைத் தம்பிக்குச் சொன்னது

பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மே மூன்றாம் வாரம், நண்பர்கள் மூன்று பேர், சொந்தக் கார். கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 55-250. ராமேஸ்வரம் தீவில் படமெடுக்க மூன்று நாள் போதுமா, அந்த வெயிலில் போகலாமா இல்லை பேசாமல் ஊட்டிக்கே போய்விடலாமா, தனுஷ்கோடியில் சூரிய உதயம் எடுக்க எத்தனை மணிக்கு அங்கே இருக்கணும், ட்ரோன் கொண்டுபோகலாமா என்று நாலு கேள்வி.

ஊட்டியை விடுங்கள். மே மாதம் அங்கே இ-பாஸ் எடுத்து, கல்லாறு தாண்டி வளைவுக்கு வளைவு நின்று, மேலே போனால் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தின் முதுகைத்தான் எடுக்க முடியும். ராமேஸ்வரத்துக்குத் தாராளமாகப் போங்கள். வெயிலைப் பற்றி நம்ம பக்கம் பயப்படுகிற அளவுக்கு அங்கே இல்லை. ஈரோடு 40 டிகிரியைத் தொடுகிற நாளில் பாம்பனில் பெரும்பாலும் 33, 34 என்றுதான் இருக்கும். ஆனால் நம்ம ஊர் வெயில் வறண்ட வெயில், வியர்வை வந்த இடத்திலேயே காயும். அங்கே காயாது. சட்டை உடம்போடு ஒட்டியே கிடக்கும், லென்ஸும் ஒரு மெல்லிய உப்புப் படலத்தோடுதான் இருக்கும். வெப்பத்தைவிட இந்தப் பிசுபிசுப்புக்குத்தான் தயாராகப் போக வேண்டும்.

பயணத் திட்டம் என்று எல்லோரும் போடுவது இடங்களின் பட்டியல். பாம்பன் பாலம், கலாம் நினைவிடம், ராமர் பாதம், வில்லூண்டி, கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனை. ஆட்டோக்காரர் அரை நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடுவார், ஒரு படமும் உருப்படியாக வராது. கோடையில் அந்தத் தீவுக்குப் போகிறவர் போட வேண்டிய கணக்கு ஒன்றுதான்: எந்த நேரத்தில் எந்தக் கரை. மீதியெல்லாம் அதற்குள் தானாக அடங்கிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் வடக்கைப் பெண் கடல் என்பார்கள், தெற்கை ஆண் கடல் என்பார்கள். மே மாதத்தில் தென்மேற்கிலிருந்து காற்று கிளம்ப ஆரம்பித்துவிடும். கச்சான் காற்று என்பது அதுதான். நமக்கு ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தென்னை மட்டையை முறித்துப் போடுகிற காற்றின் உறவுக்காரன், அங்கே கொஞ்சம் முன்னாலேயே வந்து நிற்கிறான். அது வீசும்போது தெற்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை குளம் மாதிரி கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று காலத்தில் போனால் இதுவே தலைகீழ். அதனால் டிசம்பரில் போய் வந்த நண்பர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பை எடுத்துக்கொண்டு மே மாதம் போகாதீர்கள், பாதிக்குப் பாதி பொருந்தாது.

சூரியனும் அப்படித்தான். மே மூன்றாம் வாரத்தில் அங்கே உதயம் காலை 5.55-ஐ ஒட்டி, அஸ்தமனம் மாலை 6.25-ஐ ஒட்டி. உதிக்கும் இடம் நேர்கிழக்கு இல்லை, வடக்கே நன்றாக ஒதுங்கியிருக்கும். ராமேஸ்வரம் ஊரிலிருந்து தனுஷ்கோடி நோக்கிப் போகிற மணல் திட்டு தென்கிழக்காக நீள்கிறது. அந்த ரோட்டில் போகும்போது இடது கைப்பக்கம் பாக் விரிகுடா, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. ஆக மே மாதத்தில் சூரியன் உங்கள் இடது பக்கம், அமைதியான தண்ணீருக்கு மேலே உதிக்கும். மார்கழியில் ஏறக்குறைய ரோட்டின் நேர் முனையில் வரும். கோடைக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது: உதயமும் அசையாத தண்ணீரும் ஒரே பக்கம். படகின் பிம்பம் தண்ணீரில் முழுசாக விழ வேண்டும் என்று ஆசைப்பட்டால் இந்த மாதம்தான் போகணும்.

இப்போது தனுஷ்கோடி உதயம். இதில் பலர் ஏமாந்து வருகிறார்கள். அரிச்சல்முனைக்குப் பகலில் மட்டுமே விடுகிறார்கள். காலையில் சோதனைச் சாவடி திறந்து, வரிசையில் நின்று, ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் ஓட்டி முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் சூரியன் மேலே ஏறியிருக்கும். மாலையில் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். நேரக் கட்டுப்பாடு அவ்வப்போது மாறும், முந்தின நாள் மாலையே சாவடியில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அடிவானத்தில் சூரியன் தொடுகிற அந்த ஒரு நிமிடம்தான் வேண்டும் என்றால் தனுஷ்கோடியை நம்பாதீர்கள். அதற்கு ஊருக்குள்ளேயே அக்னி தீர்த்தம் இருக்கிறது, இல்லையென்றால் வடக்குக் கரையில் ஓலைக்குடா. ஓலைக்குடாவில் நாட்டுப்படகுகள் கட்டிக் கிடக்கும், கூட்டம் கிடையாது. நான் அங்கேதான் போகச் சொல்வேன்.

அக்னி தீர்த்தத்தில் நல்ல படங்கள் கிடைக்கும், மறுக்கவில்லை. விடியும்போது நூற்றுக்கணக்கில் தலை முழுகுவார்கள், ஈரப் புடவைகள், தர்ப்பைப் புல், எள்ளும் தண்ணீரும், பின்னால் ஆரஞ்சு வெளிச்சம். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் அப்பாவையோ அம்மாவையோ சமீபத்தில் இழந்தவராக இருக்கலாம். நம்ம பக்கத்து ஜனமும் திதி கொடுக்க அங்கேதானே போகிறது. உங்கள் பெரியப்பா அழுதுகொண்டே பிண்டம் வைக்கும்போது முகத்துக்கு நேராக ஒருத்தன் லென்ஸை நீட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 55-250-ஐப் போட்டுக்கொண்டு மறைந்து நின்று எடுப்பதும் நாகரிகமில்லை. குளிக்கிற பெண்கள் இருக்கிற பக்கம் கேமராவே திரும்ப வேண்டாம். அகலமான லென்ஸில் கூட்டத்தை நிழலுருவமாக எடுங்கள், முகம் தெரியாது, படமும் கெடாது. முகம் வேண்டும் என்றால், "எடுத்துக்கலாங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டால் முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள்.

முனையை உதயத்துக்காக வேண்டாம் என்றேனே தவிர, தனுஷ்கோடியையே விடச் சொல்லவில்லை. இரண்டு தடவை போங்கள். ஒரு நாள் காலை சாவடி திறந்ததும் முதல் ஆட்களாக, இன்னொரு நாள் மாலை நாலு மணிக்குள். காலையில் போகும்போது முனை வரைக்கும் ஓடாதீர்கள். எல்லோரும் முனைக்கு ஓடுவதால் வழியில் இருக்கிற பழைய ஊர் ஒரு மணி நேரம் காலியாக இருக்கும். அந்த மணி நேரம் உங்களுடையது.

பழைய ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் எதை எடுப்பது என்று தானே புரியும். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று இலங்கைக்குப் போகும் வழியே இந்த ஊர்தான். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அதில் இருந்த எல்லோரோடும் போய்விட்டது. அதன் பிறகு வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. இன்றைக்கு மிச்சமாக நிற்பவை தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் துண்டுகள், தண்ணீர்த் தொட்டி. சுவரின் அருகே போய்ப் பாருங்கள், செங்கல்லோடு பவளப் பாறையை வெட்டி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தாழ்வான வெளிச்சத்தில் அந்தத் துளைகள் ஒவ்வொன்றிலும் நிழல் விழும். காலை ஏழு மணி வாக்கில், பக்கவாட்டு வெளிச்சத்தில், 55-250-இன் நடுப்பகுதியை வைத்து அந்தச் சுவரை மட்டும் எடுங்கள். முழுத் தேவாலயத்தையும் முன்னால் நின்று எடுத்த படம் ஆயிரம் இருக்கிறது.

அங்கே ஆட்களும் இருக்கிறார்கள், ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள். பாழடைந்த ஊர் என்று நினைத்துக்கொண்டு குடிசைக்குள் எட்டிப் பார்த்து எடுக்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். வெளியே சங்கு, சிப்பி விற்கிற அக்காவிடம் ஏதாவது வாங்கி, இரண்டு வார்த்தை பேசி, பிறகு கேமராவை எடுங்கள். பவளத் துண்டு மட்டும் வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் பொறுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம்.

கரைவலை இழுப்பது தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் நடக்கிறது. ஒரு முனையைக் கரையில் வைத்துக்கொண்டு படகில் வலையை அரை வட்டமாக விட்டு வந்து, பிறகு இரண்டு பக்கமும் வரிசையாக நின்று இழுப்பார்கள். மணிக்கணக்கில் ஆகும். வலையின் மடி கரைக்கு வரும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு எல்லோரும் கூடிவிடுவார்கள். கயிறு தோளில் ஏறி உடம்பு பின்னால் சாய்கிற நடு நேரம்தான் படம். முடிந்தால் கொஞ்ச நேரம் நீங்களும் கயிற்றைப் பிடியுங்கள், அதற்கப்புறம் உங்களை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

அரிச்சல்முனையில் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் அழகாக இருக்கிறதே என்று இறங்காதீர்கள். இரண்டு கடல் சேர்கிற இடம், அடி நீரோட்டம் பலமாக இழுக்கும். நமக்குக் கொடிவேரியிலும் பவானி ஆற்றிலும் நீச்சல் தெரியும் என்பது அங்கே செல்லாது. இன்னொன்று, முனைப் பக்கம் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். இதை யோசிக்காமல் போகிறவர்கள் ஏமாற்றமடைகிறார்கள், யோசித்துப் போகிறவர்களுக்கு லாபம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நீங்கள் போகிற வாரத்தில் ராமேஸ்வரம் துறைமுகத்தில் விடியற்காலையில் படகுகள் திரும்பி வருகிற காட்சி, ஏலக் கூச்சல், ஐஸ் பெட்டி எதுவும் பெரிதாக இருக்காது. அதற்குப் பதிலாக நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். சிலவற்றைக் கரையில் ஏற்றி வைத்து மராமத்து நடக்கும். பலகை மாற்றுவார்கள், இடுக்கில் பஞ்சு அடைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையை விரித்துப்போட்டு ஓட்டை தைப்பார்கள். எனக்குக் கேட்டால் இது மீன் ஏலத்தைவிட நல்ல வேட்டை. ஆட்கள் ஓடமாட்டார்கள், பேச நேரம் இருக்கும், படகின் வயிற்றுக்குக் கீழே நிழல் இருக்கும். பகல் பதினோரு மணிக்குக்கூட அந்த நிழலில் மென்மையான வெளிச்சத்தில் முகங்களை எடுக்கலாம். தடை நாட்டுப்படகுகளுக்குக் கிடையாது என்பதால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மீன் வந்துகொண்டுதான் இருக்கும், சாப்பாட்டுக்கும் படத்துக்கும்.

ஒருவேளை உங்களுக்கு லீவு தள்ளிப்போட முடிந்தால், ஜூன் 14-ஐ ஒட்டிப் போவதைப் பற்றி யோசியுங்கள். இரண்டு மாதம் சும்மா கிடந்த ஊர் அந்த இரண்டு மூன்று நாளில் டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு, பூஜை போட்டுக்கொண்டு பரபரக்கும். காற்று மோசமாகத்தான் இருக்கும், பள்ளிக்கூடமும் திறந்திருக்கும். பள்ளிக்கூடம் திறந்தால் கூட்டம் குறையும் என்பது உங்களுக்கு நல்லதுதான்.

பாம்பன் பாலம். ரோட்டுப் பாலம் 1988 அக்டோபர் 2-இல் திறந்தது. அதன் மேலிருந்து கீழே பார்த்தால் ரயில் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சாய்ந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகும். 1964 புயலில் பழைய பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் நிமிர்த்தியவர் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஸ்ரீதரன்.

படத்துக்கு வருவோம். பாலத்தின் மேல் காரை நிறுத்தாதீர்கள். எல்லோரும் நிறுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம், போலீஸ் விரட்டுவதும் வேறு விஷயம், பின்னால் வருகிற பஸ்காரன் பிரேக் போட இடம் வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒருவர் காரைக் கரையில் போட்டுவிட்டு இருக்கட்டும், மற்றவர்கள் ஓரமாக நடந்து போங்கள். ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் செயலியில் மண்டபம் தாண்டியதா என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள். பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது, சாவகாசமாக எடுக்க முடிந்தது. புதியதில் அப்படி இல்லை, சட்டென்று தாண்டிவிடும். எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவில் என்ஜின் வரும்போது அழுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, போக்கஸைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறைய வேண்டாம்.

பாலத்துக்குச் சரியான நேரம் எது? இங்கேதான் புத்தக விதி உடையும். காலையும் மாலையும்தான் படமெடுக்கணும், உச்சி வெயிலில் கேமராவை மூடி வைக்கணும் என்பார்கள். தீவின் ஆழம் குறைந்த கடலுக்கு அந்த விதி பொருந்தாது. தண்ணீருக்குள் மணலும் பாசியும் சேர்ந்து காட்டும் பச்சை, நீல நிறங்கள் சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போதுதான் முழுசாகத் தெரியும். சித்திரை முதல் தேதி வாக்கில் அந்த ஊருக்கு உச்சி நேரத்தில் சூரியன் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும், உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே கிடக்கும். மே மாதம் சற்று வடக்கே சாயும், அவ்வளவுதான். பத்தரையிலிருந்து இரண்டு மணி வரை, மேலேயிருந்து கீழே பார்க்கிற இடம் என்றால் அது ரோட்டுப் பாலம்தான். அதற்கு ஒரு போலரைசர் பில்டர் அவசியம். திருப்பித் திருப்பிப் பாருங்கள், தண்ணீரின் மேல் பளபளப்பு மறைந்து அடி தெரிகிற ஒரு கோணம் வரும். போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமரா திரையைப் பார்த்தால் சில கோணத்தில் திரையே இருட்டாகத் தெரியும், கேமரா கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள்.

இதனால் உங்கள் பயணக் கணக்கும் சுலபமாகிறது. பெருந்துறையிலிருந்து காங்கேயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக 360 கிலோமீட்டரை ஒட்டி வரும். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் இடையில் சாப்பிட்டு, பதினொன்றரை வாக்கில் பாம்பன். பாலத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு அறைக்குப் போய்த் தூங்குங்கள். இரவு முழுக்க ஓட்டி உதயத்துக்குப் போய்ச் சேர்கிற வீரம் வேண்டாம், கண் எரியும்போது படம் கோணலாகத்தான் வரும். ரயில் என்றால் கோவையிலிருந்து நேர் வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான், உங்கள் தேதிக்கு ஒத்துவந்தால் பாருங்கள். ஆனால் மூன்று பேர், கேமரா முக்காலி, தண்ணீர் கேன் என்றால் கார்தான் வசதி.

மாலைக்குக் குந்துகால் போங்கள். பாம்பனுக்குத் தெற்கே, 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம். எதிரே குருசடைத் தீவு. வனத்துறை ஏற்பாட்டில் குருசடைக்குப் படகு விடுகிறார்கள், ஆனால் காற்று எழும்பிய நாளில் நிறுத்திவிடுவார்கள், அதை மட்டும் நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. தெரிந்த படகுக்காரர் கூட்டிப் போகிறேன் என்றாலும் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. தெற்குக் கரையில் மாலையில் அலை உயரமாக இருக்கும். அங்கே வெளிச்சத்தைக் குறைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க உதவுகிற என்.டி. பில்டர் போட்டுக் கடலைப் பால் மாதிரி ஆக்காதீர்கள். அந்தக் கடலின் குணம் அதன் மூர்க்கம். 1/1000, 1/1600 என்று வைத்து அலை உடையும் கணத்தை எடுங்கள். வடக்குக் கரையிலோ தண்ணீர் ஏற்கெனவே அசையாது, அங்கேயும் அந்த பில்டருக்கு வேலையில்லை. ஆக வாங்குவதாக இருந்தால் இந்தப் பயணத்துக்காக என்.டி. வாங்க வேண்டாம். அந்தக் காசுக்குப் போலரைசர் வாங்குங்கள். நீண்ட எக்ஸ்போஷர் பழக ஆசை என்றால் கொடிவேரி நம்ம வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

பறவைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்துக் களப்பில் பூநாரைகள் இறங்குவது குளிர்காலக் கதை, மே மாதத்தில் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அந்தப் பகுதியைத் தமிழக அரசு 2025-இல் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்திருக்கிறது, அதற்குத் தை, மாசியில் தனியாக ஒரு பயணம் போடலாம். பறவைப் பைத்தியம் தாங்கவில்லை என்றால் வெள்ளோடும் நஞ்சராயன் குளமும் உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள்தானே. தீவில் எந்த மாதமும் செம்பருந்து கிடைக்கும், துறைமுகத்தில் மீன் கழிவுக்கு மேலே வட்டமிடும். 250 போதும்.

இரவு வானம் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் அமாவாசையை ஒட்டிப் போனால் பத்து மணிக்கு மேல் பால்வீதியின் தடித்த பகுதி தென்கிழக்கில் எழும். ஒன்பது மணி வாக்கில் தெற்கே கடலுக்கு மேல் திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் நிமிர்ந்து நிற்கும். தனுஷ்கோடி இரவில் கிடையாது, அதனால் ஊர் விளக்குகளை விட்டு விலகிய ஏதாவது ஒரு கரை. எல்லைப் பகுதி என்பதால் இரவில் கடற்கரையில் முக்காலியோடு நின்றால் போலீஸ் வந்து கேட்பார்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும், தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள், கேட்டால் படத்தைக் காட்டுங்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் போகிறவர்களுக்கு வேறு லாபம்: சூரியன் மறைவதற்கு முன்னாலேயே நிலவு கிழக்கே கடலிலிருந்து எழும்பி நிற்கும், நிலவும் படகும் இரண்டுமே விவரத்தோடு விழுகிற வெளிச்சம் அப்போதுதான் இருக்கும்.

ட்ரோன் வேண்டாம். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பன்னாட்டுக் கடல் எல்லை பக்கத்திலேயே, உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. பாலத்துக்கு மேலே பறக்கவிட்டால் ட்ரோனும் போகும், ஒரு நாளும் காவல் நிலையத்தில் போகும்.

சாமான் விஷயத்தில் உப்புதான் எதிரி. மணலில் நின்று லென்ஸை மாற்றாதீர்கள். கச்சான் காற்றில் பொடி மணல் கண்ணுக்குத் தெரியாமல் சென்சாரில் போய் உட்காரும். காருக்குள் கதவை மூடிக்கொண்டு மாற்றுங்கள், அல்லது இரண்டு பேரிடம் கேமரா இருந்தால் ஆளுக்கொரு லென்ஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும், உதயம் முடிகிற வரைக்கும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இரவு ஏசி ஓடாத மூலையில், பையின் ஜிப்பை மூடி வையுங்கள், கிளம்புவதற்கு அரை மணி முன்னால் பையோடு வெளியே எடுத்து வையுங்கள். உப்புப் படிந்த லென்ஸை வறண்ட துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம்தான் வறண்ட துணி. முக்காலியின் கால்களைத் தினமும் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள், இல்லையென்றால் ஊருக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் திருகு இறுகிவிடும். வெள்ளை மணலைப் பார்த்துக் கேமரா ஏமாறும், படம் மங்கிச் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வையுங்கள். பரந்த கோணத்துக்கு 18 போதவில்லை என்று தோன்றினால் கோவையில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனால் இந்தத் தீவுக்கு அது கட்டாயமில்லை.

உங்களுக்குத் தண்ணீர், தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை. வழியில் நுங்கும் பதநீரும் கிடைக்கிற காலம்தான், குளிர்பானத்துக்குப் போகாதீர்கள். பதநீர் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

மூன்று நாள் போதுமா என்றால், போதும், இடங்களைக் குறைத்தால். வந்து சேர்ந்த அன்று பகலில் பாலம், மாலையில் குந்துகால். இரண்டாம் நாள் விடியலில் ஓலைக்குடா, பிறகு துறைமுகத்தில் படகு மராமத்து, மதியம் தூக்கம், மாலை தனுஷ்கோடி முன்னோட்டம். மூன்றாம் நாள் காலை சாவடி திறந்ததும் பழைய ஊர். கலாம் நினைவிடம், ராமர் பாதம் எல்லாம் நடுவில் நேரம் கிடைத்தால். நினைவிடத்துக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள்.

கோயிலுக்குள்ளும் கேமராவும் போனும் கொண்டுபோக முடியாது. ஆயிரத்துச் சொச்சம் தூண்கள் வரிசை கட்டி நிற்கும் மூன்றாம் பிராகாரத்தை எடுக்க முடியவில்லையே என்று எல்லாப் படக்காரர்களுக்கும் வருத்தம்தான், வேறு வழியில்லை. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவதாக இருந்தால் அதைக் கடைசி நாள் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் விடுதி அறையிலேயே பூட்டிக் கிடக்கட்டும், காரில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் இருக்கிற சூடு பேட்டரிக்கு ஆகாது. அறையைக் காலி செய்யும் நேரத்தை மதியம் வரைக்கும் நீட்டித் தரச் சொல்லி முதல் நாளே பேசிவிடுங்கள், வார நாளில் போனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.